எட்டுப் பல்லுக்கும் வெனியர் வேண்டுமா? திருக்கோவிலிலிருந்து எழுதிய தங்கைக்கு ஒரு பல் வைத்தியரின் பதில்

உங்கள் கேள்வியை முதலில் வாசிப்பவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் ஆசிரியையாக இருக்கிறீர்கள், வயது 26, வருகிற ஆவணியில் கலியாணம். மேல் முன்பற்களில் சிறுவயது முதலே மண்ணிறக் கறையும், சுண்ணாம்பு பட்டதுபோன்ற வெள்ளைத் திட்டுகளும் இருக்கின்றன. இடப்பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்த பல் மற்றவற்றைவிடச் சிறுத்துக் கூம்பியிருக்கிறது. ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் காட்டியபோது, மேல்வரிசையில் எட்டுப் பற்களுக்கும் போர்சிலின் வெனியர் என்னும் மெல்லிய பீங்கான் ஓட்டை ஒட்டிவிடலாம், இரண்டு தடவை வந்தால் வேலை முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். செலவை சுவிஸில் இருக்கும் மாமி ஏற்றுக்கொள்கிறார். போடலாமா, எத்தனை வருடம் நிற்கும், அதற்காகப் பல்லைத் தேய்த்துக் குறைப்பது ஆபத்தா, ஒன்றும் செய்யாமல் விட்டால் கறை பரவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வாயைத் திறந்து பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறு என்னும் முரசைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எந்தப் பல் வைத்தியரும் உறுதியாகப் பேச வேண்டும். ஆனாலும் படத்தில் தெரிகிற அளவில் என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: எட்டு வெனியரில் தொடங்காதீர்கள். உங்கள் பற்களில் ஒன்றுக்குத்தான் வடிவத்தில் குறை இருக்கிறது. மற்ற ஏழுக்கும் இருப்பது நிறத்தில் உள்ள குறை. நிறத்துக்கு வைத்தியம் வேறு, வடிவத்துக்கு வைத்தியம் வேறு. இரண்டையும் ஒரே மூடியால் மூடுவது செய்பவருக்கு இலகுவான வழி. உங்களுக்கு அது நல்ல வழிதானா என்பதைப் பார்ப்போம்.

அந்தக் கறை எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே ஒரு வரியில் இருக்கிறது. அப்பாவின் உத்தியோகத்தால் ஐந்து வயது வரை மகா ஓயாப் பக்கம் இருந்தோம், குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதி உட்பட நம்முடைய உலர்வலயத்தின் பல இடங்களில், கடினப் பாறைக்குள் இறங்கும் கிணறுகளின் நீரில் புளோரைட்டு கூடுதலாகக் கரைந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்துள்ள மேலெல்லை ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். நிரந்தர முன்பற்களின் மேலோடு குழந்தை பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி, நான்கைந்து வயதுக்குள் தாடைக்கு உள்ளேயே உருவாகி முடிந்துவிடும். அந்தக் காலத்தில் உடலுக்குள் போகும் புளோரைட்டு கூடினால் மேலோடு நுண்துளைகளோடு அமையும். அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். பல் முளைத்த பிறகு அந்தத் துளைகளுக்குள் கறை ஏறினால் அதுவே மண்ணிறமாகும். இதைத்தான் புளோரோசிஸ் என்கிறோம். நீங்கள் பல் துலக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால், அது தவறு. இந்தக் கறை துலக்காததால் வருவதுமில்லை, துலக்கினால் போவதுமில்லை. இதனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிய எத்தனையோ பிள்ளைகளை என் கதிரையில் இருத்திப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தாய்மாருக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

உங்கள் அக்கா குடும்பம் இன்னும் அந்தப் பக்கம் இருப்பதாகவும், மூன்று வயதில் ஒரு மகன் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்கு வெளியே என்றாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகும்போது செறிவு கூடத்தான் செய்யும். அந்தக் கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை மூலம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்; முடிவு வரும்வரை பிள்ளை குடிக்கவும் அவனுக்குச் சமைக்கவும் மழைநீரையோ குழாய்வழி வரும் நீரையோ எடுப்பது நல்லது. அவனுடைய முன்பற்கள் இந்த மாதங்களில்தான் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

இனி வெனியருக்கு வருகிறேன். பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய ஓடுதான் அது. நகத்தின் தடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 1928ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் சார்ள்ஸ் பிங்கஸ் என்ற பல் வைத்தியர், சினிமா நடிகர்களுக்குப் படப்பிடிப்பு நேரத்தில் மட்டும் மாட்டிக் கழற்றும் ஓடுகளைச் செய்து கொடுத்தார். அவற்றை நிலையாக ஒட்ட அப்போது வழியில்லை. 1955இல் மைக்கேல் புவோனகோர் என்பவர், பொஸ்போரிக் அமிலத்தைப் பல்லின் மேல் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் அதன் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பாகி ரெசின் என்னும் பிசினை இறுகப் பிடிக்கிறது என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் போர்சிலினின் உட்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்தது. இன்றைய வெனியர் அங்கே பிறந்தது. இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த அமிலம் நன்றாக வேலை செய்வது பல்லின் மேலோட்டில், அதாவது எனாமல் என்று எல்லோரும் சொல்லும் மிளிரியில்தான். மிளிரி இருக்கும்வரை ஒட்டு கல்லில் எழுதியதுபோல நிற்கும். மிளிரியைக் கடந்து உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டினுக்குப் போய்விட்டால் ஒட்டின் பலம் குறையும், கூச்சம் கூடும், ஓரத்தால் கசிவும் சூத்தையும் வரும் வாய்ப்பு அதிகரிக்கும்.

அந்த மிளிரி எவ்வளவு தடிப்பு தெரியுமா? மேல் முன்பல்லின் வெட்டும் ஓரத்துக்கு அருகே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்; முரசை நெருங்கும்போது அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. வழமையாகப் போர்சிலின் வெனியருக்காகத் தேய்ப்பது 0.3 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை. கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தேய்ப்பது தன்னளவில் பாவமான காரியமில்லை. அளவு பார்த்து, ஆழம் காட்டும் கோடு இழுத்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேய்க்கும் கை இருந்தால் முழு வேலையையும் மிளிரிக்குள்ளேயே முடித்துவிடலாம். கறை கருமையாக இருந்தால்தான் சிக்கல். மெல்லிய ஓட்டுக்குள்ளால் கறை தெரியும் என்பதால், அதை மறைக்க ஓட்டைத் தடிப்பாக்க வேண்டும், தடிப்பாக்கப் பல்லை இன்னும் தேய்க்க வேண்டும். ஆகவே, கடைசியில் வெனியர்தான் என்றாலும், கறையை முதலில் மங்கச் செய்துவிட்டு வருவது பல்லுக்கு இலாபம். தேய்த்த மிளிரி மறுபடி வளராது. ஒருமுறை வெனியர் போட்ட பல்லுக்கு ஆயுள் முழுவதும் ஏதாவதொரு மூடி வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெனியர் என்று சொல்லி, பல்லை முழுவதும் மூடும் கிரவுண் போடுகிற வழக்கம் உலகின் பல இடங்களில் பெருகியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். பயணம் போன வேறொரு நாட்டில் ஒரே வாரத்தில் பத்து வெனியர் போட்டதாகச் சொன்னார். அவற்றில் ஒன்று கழன்றிருந்தது. கைலேஞ்சியில் சுற்றிவைத்திருந்ததை எடுத்துத் தந்தார். திருப்பிப் பார்த்தேன், முன்னும் பின்னும் சுற்றி மூடும் முழுக் கிரவுண் அது. வாயில் எஞ்சியிருந்தது சீவிய பென்சில் முனைபோன்ற ஒரு மஞ்சள் அடிக்கட்டை. காற்றுக் குழாயை அருகே கொண்டுபோனதுமே அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. வயது 27. பல்லின் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் எவ்வளவு இழக்கப்படுகிறது என்று நிறுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. வெனியர் வகைகளுக்கு 3 முதல் 30 சதவீதம், முழுக் கிரவுணுக்கு 63 முதல் 72 சதவீதம் என்பது அதன் கணக்கு. அந்த இளைஞருக்கு இந்த வித்தியாசத்தை ஒருவரும் சொல்லவில்லை. எனவே உங்களுக்குச் சொல்லப்பட்டது உண்மையில் வெனியர்தானா, பல்லின் பின்பக்கத்தைத் தொடுவார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தேய்க்காமலும் மிகக் குறைவாகத் தேய்த்தும் செய்யக்கூடிய சிகிச்சைகள் உங்கள் கறைக்கு இருக்கின்றன. முதலாவது, வீட்டில் செய்யும் வெளிறச் செய்தல். பல்லுக்கு அச்செடுத்து, அதற்கென மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று செய்து, அதற்குள் 10 சதவீதக் கார்பமைட் பெரொக்சைட் ஜெல்லைச் சிறிது வைத்து, இரவில் போட்டுக்கொண்டு நித்திரை கொள்வது. சாதாரண மஞ்சளுக்கு இரண்டு முதல் ஆறு கிழமை வரை எடுக்கும். புளோரோசிஸ் கறைக்குப் பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இடையில் பல் கூசும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் அடங்கிவிடும். மண்ணிறம் நன்றாக மங்கும். வெள்ளைத் திட்டு இதனால் மறைவதில்லை. ஆனால் சுற்றியுள்ள பல் வெளுக்கும்போது திட்டு தனித்துத் தெரிவது குறைகிறது. கர்ப்பகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும் இதைச் செய்வதில்லை என்பதால், உங்களுக்கு இப்போது உள்ள காலம் வசதியானது.

இரண்டாவது, குறைந்த செறிவு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மெல்லிய உராய்பொடியும் கலந்த பசையால் மேற்பரப்பை மிக நுண்ணியதாக மெருகிடுவது. மேலோட்டமான மண்ணிறத்துக்கு ஒரே நாளில் பலன் தெரியும். மூன்றாவது, வெள்ளைத் திட்டின் நுண்துளைகளுக்குள் நீர்போன்ற ரெசினை ஊறவிடுவது. ஈரமான வெள்ளைத் துணி எப்படிச் சற்று ஊடுதெரிகிறதோ அப்படி, துளை நிரம்பியதும் திட்டு சுற்றியுள்ள நிறத்தோடு கரைந்துவிடும். ஆழமான திட்டுகளில் இது முழுப்பலன் தராது, எல்லா இடத்திலும் கிடைக்கவும் கிடைக்காது. இருந்தாலும் இம்மூன்றையும் பொருத்தமாகச் சேர்த்துச் செய்தபோது, வெனியர் கேட்டு வந்த பலர் “இனி வேண்டாம் டொக்டர்” என்று எழும்பிப் போயிருக்கிறார்கள்.

அந்தக் கூம்பிய சிறிய பல்லுக்கு வடிவம் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கும் தேய்க்கத் தேவை மிகக் குறைவு. பல் ஏற்கெனவே சிறிதாக இருப்பதால் மேலே சேர்த்துக் கட்டினாலே போதும். கொம்பசிட் என்னும் பல்நிறப் பசையைப் படைபடையாக வைத்து, நீல ஒளியால் இறுக்கி, ஒரே அமர்வில் முழுப் பல்லின் உருவத்துக்குக் கொண்டுவரலாம். வெளிறச் செய்து முடிந்து குறைந்தது இரண்டு கிழமை கழித்துத்தான் இதைச் செய்ய வேண்டும். ஒன்று, நிறம் நிலைக்க வேண்டும். மற்றது, பல்லுக்குள் தங்கிய ஒட்சிசன் ரெசின் ஒட்டுவதைக் கெடுக்கும். வைகாசியில் தொடங்கினால் ஆவணிக்கு முன் இவ்வளவும் நெருக்கடியில்லாமல் முடியும்.

இத்தனைக்குப் பிறகும் கறை கண்ணில் குத்தினால், அல்லது மேற்பரப்பு குழிகுழியாக அரிபட்டு உடைந்திருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால், அப்போது வெனியர் சரியான சிகிச்சை. நானே அதைத்தான் சொல்வேன். கொம்பசிட் வெனியர் ஐந்து முதல் ஏழு வருடங்கள் நிற்கும், தேத்தண்ணீரும் மஞ்சளும் அதன் நிறத்தை மங்கச் செய்யும், சிதைந்தால் அதே இடத்தில் திருத்தலாம், விலை குறைவு. போர்சிலின் நன்றாகச் செய்யப்பட்டால் பத்து முதல் பதினைந்து வருடங்கள், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும், நிறம் மாறாது, வெடித்தால் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். உங்களுக்கு வயது 26. பதினைந்து வருடம் என்றே வைத்தாலும், உங்கள் ஆயுளில் இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டி வரும். ஒவ்வொரு மாற்றத்திலும் பல் இன்னும் கொஞ்சம் இழக்கும். மாமி தருவது முதல் தடவைக்கான பணம் மட்டுமே.

வெனியர் போடத் தீர்மானித்தால், பல்லைத் தொடுவதற்கு முன் ஒத்திகை கேளுங்கள். உங்கள் பல்லின் கல் மாதிரியில் மெழுகால் புதிய வடிவத்தைக் கட்டி, அதன் அச்சை எடுத்து, தற்காலிகப் பசையால் உங்கள் வாயிலேயே வைத்துக் காட்ட முடியும். கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். நான் என் நோயாளிகளிடம் “வாவி, வாவிக்கரை, வாழைத்தோட்டம்” என்று சொல்லச் சொல்வேன். ‘வ’ சொல்லும்போது மேல் முன்பல்லின் ஓரம் கீழுதட்டின் ஈரமான இடத்தை மெல்லத் தொட வேண்டும். பல் நீளமாகிவிட்டால் உதடு மடிந்து இடறும். “சீனி, சந்தை” என்று சொல்லும்போது காற்று விசிலடித்தால் எங்கோ அளவு பிழைத்திருக்கிறது. நாள் முழுவதும் வகுப்பில் கதைக்கும் ஆசிரியைக்கு இது அழகைவிட முக்கியம். அப்படியே வீட்டுக்குப் போய், அம்மாவோடு இருந்து கதைத்து, சோறு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்லலாம்.

நிறத்தைத் தெரிவு செய்யும்போது அவசரப்படாதீர்கள். நாங்கள் பயன்படுத்தும் வீட்டா நிற அட்டவணையில் 16 நிறங்கள் உண்டு. அவற்றுக்கு மேலே வெளிறச் செய்த பற்களுக்கென இன்னும் வெள்ளையான நிறங்களும் உண்டு. பெரும்பாலானோர் முதலில் விரல் வைப்பது ஆக வெள்ளையான அந்த நிறங்களில்தான். நம் தோல் நிறத்தில் அது கலியாணப் படத்தில் பல்லை மட்டும் தனியாக எடுத்துக் காட்டும். கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெள்ளையாக இருந்தால் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். நிறம் பார்ப்பது காலை வெளிச்சத்தில், யன்னலருகே, சிகிச்சை தொடங்குவதற்கு முன் நடக்க வேண்டும். ஏனென்றால் வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்தால், சில நிமிடங்களிலேயே அது உண்மை நிறத்தைவிட வெளுத்துத் தெரியும்.

முரசில் இரத்தம் கசிந்தால் முதலில் பற்காரை எடுத்து அதை ஆற்ற வேண்டும். கசியும் முரசுக்கு அருகே எதையும் சரியாக ஒட்ட முடியாது. சூத்தை இருந்தால் அதற்கும் முதலிடம். நித்திரையில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் இரவில் போடும் காப்புத் தட்டு இல்லாமல் போர்சிலின் நிலைக்காது. போட்ட பிறகு உமிக்கரி, கரிப்பொடி, உப்பு எதுவும் பல்லில் படக்கூடாது. நம் வாவி நண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்: நண்டுக்காலை முன்பல்லால் உடைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று பழகியவர்கள் நாங்கள். போட்ட வருடத்திலேயே ஓரம் சிதறி என்னிடம் வந்த இரண்டு போர்சிலின் வெனியர்களுக்குக் காரணம் அதுதான். நண்டைச் சாப்பிடுங்கள், உடைப்பதை அம்மியிடம் விட்டுவிடுங்கள்.

யாரிடம் செய்வது என்ற கேள்விக்கு, இலங்கை மருத்துவ சபையில் பல் வைத்தியராகப் பதிந்தவரா என்று பார்ப்பது முதல் வேலை. அழகு நிலையங்களில் ஒட்டித் தருவதாகச் சொல்லும் எதற்கும் வாயைத் திறக்க வேண்டாம். உங்களுக்குக் கிட்டிய அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையின் பல் பிரிவிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ முதலில் காட்டி ஒரு கருத்தைப் பெறலாம். தேவையானால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். மறுசீரமைப்புப் பல் மருத்துவ நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் நிலையத்துக்கே திரும்பிப் போவதென்றால், இரண்டே தடவையில் முடியும் என்ற பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, ஒத்திகை உண்டா, எத்தனை மில்லிமீற்றர் தேய்ப்பீர்கள், அவர்கள் முன்பு செய்து ஐந்து வருடம் கடந்த ஒருவருடைய படத்தைக் காட்ட முடியுமா, ஒன்று கழன்றால் யார் செலவு என்று கேளுங்கள். விலையை எழுத்தில் வாங்குங்கள். நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளால் மனம் வருந்த மாட்டார்.

கடைசிக் கேள்வி: விட்டால் கறை பரவுமா? பரவாது. புளோரோசிஸ் பல் முளைப்பதற்கு முன்பே நடந்து முடிந்த காரியம்; பக்கத்துப் பல்லுக்குத் தொற்றுவதுமில்லை, வருடத்துக்கு வருடம் வளர்வதுமில்லை. துளைகளுள்ள இடத்தில் தேத்தண்ணீர்க் கறை கொஞ்சம் ஏறலாம், மிகக் கடுமையான நிலையில் மேலோடு சிறிது உதிரலாம். உங்கள் படங்களில் அந்த அளவு தெரியவில்லை. ஆகவே ஆவணிக்குள் எட்டையும் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்துக்கு வைத்தியக் காரணம் ஒன்றுமில்லை. முதலில் பல்லைச் சுத்தம் செய்வித்து, அச்செடுத்துத் தட்டைச் செய்யக் கொடுங்கள். தொடங்கும் நாளில் யன்னலருகே நின்று ஒரு படம் எடுத்துவைத்து, நான்கு கிழமை கழித்து அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொன்று எடுத்து, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். அவற்றைப் பார்த்த பிறகு அந்தச் சிறிய பல்லைப் பற்றிப் பேசலாம்.